கூரையைப் பிரிக்க வேண்டாத வீடு

(டிசம்பர் 3: புனித பிரான்சிஸ் சவேரியார் திருநாளையும் பன்னாட்டு மாற்றுத்திறனாளிகள் நாளையும் முன்னிட்டு, எட்டயபுரம் பங்குத்தந்தை வானொலியில் வழங்கிய மறையுரை)



இன்று நம் முத்துக்குளித்துறைக் கடற்கரை முழுவதும் புனித சவேரியாரின் திருநாளைக் கொண்டாடுகிறது. 1542இல் இந்தக் கரைக்கு வந்து, ஊர் ஊராக மணலில் நடந்து, நம் முன்னோருக்கு மறைக்கல்வி கற்றுக்கொடுத்த தந்தை அவர். இதே டிசம்பர் 3ஆம் நாளை ஐக்கிய நாடுகள் அவை 1992இல் மாற்றுத்திறனாளிகள் நாளாக அறிவித்தது. இரண்டும் ஒரே நாளில் அமைந்தது தற்செயல்தான். ஆனாலும் பொருத்தமாகவே இருக்கிறது. சவேரியார் இந்தியாவுக்குப் புறப்படுவதற்கு முன், 1537இல், வெனிஸ் நகரில் தீராத நோயாளிகளுக்கென்று இருந்த மருத்துவமனையில் புண் கழுவிப் பணிவிடை செய்தவர். 1552இல் சீனக் கரைக்கு எதிரே ஒரு தீவில், ஒரு குடிசைக்குள் உயிர் விட்டவர். நோயாளிக்கு ஒரு கூரை என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு தாயைப் பார்க்கப் போயிருந்தேன். வயது எழுபதை நெருங்குகிறது. மகனுக்கு நாற்பதுக்கு மேல். பிறவியிலிருந்தே மூளை வளர்ச்சி குறைவு. கால்களும் சரியாக வராது. அவனைக் குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது, இரவில் புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அந்த அம்மாதான். நற்கருணை கொடுத்துவிட்டுப் புறப்படும்போது கேட்டேன், “என்னம்மா, எந்தக் கருத்துக்காக ஜெபிக்கட்டும்?” என்று. அந்த அம்மா கொஞ்சமும் தயங்கவில்லை. “சாமி, அவன் எனக்கு முந்திப் போயிரணும்னுதான் மாதாகிட்ட தினமும் கேக்கேன். எனக்குப் பெறவு அவன யாரு பாப்பா?” என்றார்கள்.

பிள்ளை நூறு வயது வாழ வேண்டும் என்றுதான் எந்தத் தாயும் கேட்பாள். தன் பிள்ளை தனக்கு முன்னால் சாக வேண்டும் என்று ஒரு தாய் ஜெபமாலை சொல்கிறாள் என்றால், அவளிடம் அன்பு குறைந்துவிட்டது என்று பொருளா? இல்லை. அவளுக்குப் பிறகு அவனுக்கு வீடு இல்லை என்று பொருள். அந்த ஜெபத்துக்கு ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மாற்கு நற்செய்தி இரண்டாம் அதிகாரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கப்பர்நாகுமில் ஒரு வீட்டில் இயேசு இறைவார்த்தையை எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாசல் வரை கூட்டம். முடக்குவாதமுற்ற ஒருவரை நான்கு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வருகிறார்கள். உள்ளே போக வழியில்லை. உடனே மேலே ஏறிக் கூரையைப் பிரித்து, அவரை இயேசுவின் முன் இறக்குகிறார்கள். அந்த நால்வரின் நம்பிக்கையைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரை கேட்டிருப்போம். வாசலில் நின்றவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் கெட்டவர்களா? ஆண்டவருடைய வார்த்தையைக் கேட்க வந்த பக்தர்கள். நம்மைப் போன்றவர்கள். எழுந்து வழிவிட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பக்தியோடு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கவும் முடியும் என்பதை அந்த வீடு நமக்குக் காட்டுகிறது.

இன்றைக்கு வாசலை அடைத்துக்கொண்டு நிற்பது ஆட்கள் மட்டும் அல்ல. படிக்கட்டு அடைக்கிறது. குறுகலான கதவு அடைக்கிறது. சக்கர நாற்காலி நுழைய முடியாத கழிப்பறை அடைக்கிறது. ஓர் அலுவலகத்தில் என் கண்ணால் பார்த்தேன். அடையாள அட்டைக்காக வந்த பெண்மணியை அவருடைய மகன் முதுகில் சுமந்துகொண்டு மாடி ஏறினான். கால் நடக்காது என்று சான்று வாங்குவதற்கு இரண்டு மாடி ஏற வேண்டியிருக்கிறது! சுற்றி நின்றவர்கள் பாவம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இது அநியாயம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

பிரியமானவர்களே, கட்டடம் என்பது இறைவனுக்குச் சம்பந்தமில்லாத காரியம் என்று நினைக்காதீர்கள். இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரத்தில் ஒரு கட்டளை இருக்கிறது. புது வீடு கட்டுகிறவர் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும். யாராவது தவறி விழுந்தால் அந்தப் பழி வீட்டுக்காரர் மேல் வரும் என்கிறது. பார்த்தீர்களா? பிறரன்பு அங்கே செங்கல்லும் சாந்துமாக நிற்கிறது. மனதுக்குள் அன்பு இருந்தால் போதும், சுவர் வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லவில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இதையே கேட்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19இல் நடைமுறைக்கு வந்தது. 21 வகை மாற்றுத்திறன்களை அது ஏற்றுக்கொள்கிறது. எல்லோரும் உள்ளே வரத்தக்க விதத்தில் வரைபடம் இல்லாவிட்டால் புதிய கட்டடத்துக்கு அனுமதியே தரக் கூடாது என்கிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் சரிசெய்ய வேண்டும் என்று கெடு வைத்தது. 2017 ஜூனில் விதிகள் வந்தன. 2022 ஜூனோடு கெடு முடிந்தது. முடிந்ததா என்று உங்கள் ஊர் அலுவலகங்களின் வாசலைப் போய்ப் பாருங்கள்.

ராஜீவ் ரத்தூரி என்ற பார்வையற்ற ஒருவர் 2005இலேயே உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். அவருடைய வழக்கில் 2024 நவம்பர் 8இல் வந்த தீர்ப்பு முக்கியமானது. சட்டம் கட்டாயம் என்கிறது, விதியோ செய்தால் நல்லது என்ற அளவில் நிற்கிறது. இது செல்லாது என்றது நீதிமன்றம். மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. தருமத்துக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் இதில் இருக்கிறது. தருமம் கொடுக்கிறவர் மனசைப் பொறுத்தது. உரிமை அப்படி அல்ல.

நம் தமிழ்நாட்டு அரசும் இதில் பணம் போட்டிருக்கிறது. நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். 1,763 கோடி ரூபாய் மதிப்பில் ‘உரிமைகள் திட்டம்’ வந்திருக்கிறது. இதற்காக உலக வங்கி 2022 ஜூனில் 16.2 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. இந்தத் திட்டத்தில் ‘விழுதுகள்’ என்ற பெயரில் சேவை மையங்கள் திறக்கப்படுகின்றன. இயன்முறை மருத்துவம், பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி, மனநல ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் ஊர் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்து மாறி மாறி அலைந்த தாய்மாருக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்!

சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: “சாமி, இத்தனை கோடியைக் கட்டடத்தில் கொட்டுவதைவிட அவர்கள் கையில் கொடுத்துவிடலாமே?” நியாயமான கேள்விதான். உதவித்தொகை தேவை, அது இல்லாமல் பல வீடுகளில் அடுப்பு எரியாது. ஆனால் கையில் இரண்டாயிரம் ரூபாய் இருக்கிறது, வங்கி வாசலில் ஐந்து படி இருக்கிறது என்றால், அந்தப் பணத்தை எடுக்க இன்னொருவர் தயவு வேண்டும். காசு கொடுத்து ஒருவர் தனக்கு மட்டும் ஒரு சாய்தளத்தை வாங்கிக்கொள்ள முடியாது. அது எல்லோரும் சேர்ந்து கட்ட வேண்டிய பொருள்.

கட்டடத்தில் அக்கறை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நாம் தூரத்தில் சாட்சி தேட வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 5. தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா. மறுநாள் 6ஆம் தேதி, ஆண்டவர் தோற்றம் மாறிய விழா. அன்று அதிகாலையில், பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநலம் பாதிக்கப்பட்டவர்களை வைத்திருந்த ஓலைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அங்கே நோயாளிகளைக் கொண்டுவந்து விட்டவர்கள் எல்லா மதத்தவரும்தான். நம் திருத்தலங்களிலும் இப்படிப்பட்டவர்களைக் கொண்டுவந்து விட்டுப்போகிற வழக்கம் உண்டு. ஆகையால் யாரும் யாரையும் கைநீட்டிக் குற்றம் சொல்ல வேண்டாம். அவர்களைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்களும் கல்நெஞ்சுக்காரர்கள் அல்லர். அவர்களுக்கு வேறு இடம் இல்லை. இடம் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் பேச்சு.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அதோடு நிற்கவில்லை. அவர்கள் சமூகத்துக்குள் வாழ்வதற்கு இடைநிலை இல்லங்களும் ஆதரவோடு கூடிய குடியிருப்புகளும் அரசு ஏற்படுத்த வேண்டும் என்றும் சொல்கிறது. சங்கிலியை அவிழ்த்தால் மட்டும் போதாது, அவிழ்த்த பிறகு போக ஒரு வீடு வேண்டும் என்பதைச் சட்டம் புரிந்துகொண்டிருக்கிறது.

ஆண்டவர் இதை முன்பே செய்து காட்டினார். மாற்கு ஐந்தாம் அதிகாரத்தில் கல்லறைகளுக்கு நடுவே வாழ்ந்த ஒரு மனிதர் வருகிறார். ஊரார் அவரைச் சங்கிலியால் கட்டிப் பார்த்தவர்கள். இயேசு அவரைக் குணமாக்கியதும் அவர் இயேசுவோடு போகவே ஆசைப்படுகிறார். இயேசுவோ அவரை அவருடைய வீட்டுக்கும் உறவினரிடமும் அனுப்புகிறார். முடக்குவாதக்காரரிடமும் கட்டிலை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொல்கிறார். இரண்டு பேரையும் அவர் அனுப்பியது வீட்டுக்கு. ஊருக்கு வெளியே ஒரு பெரிய விடுதிக்கு அல்ல.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பணம் போட்டுக் கட்டடம் எழுப்புவதிலும் ஒரு சோதனை இருக்கிறது. ஊருக்கு ஒதுக்குப்புறமாக நூறு பேர் தங்கும் மாளிகை கட்டி, கல்வெட்டு வைத்து, அவர்களை அங்கே விட்டுவிட்டால் நமக்கு நிம்மதி. கண்ணில் படமாட்டார்கள். அதுவும் வெள்ளையடித்த கல்லறைதான். சென்னையில் 1993இல் தொடங்கிய ‘தி பான்யன்’ அமைப்பு வேறு வழியைக் காட்டியது. நீண்ட காலம் மனநல விடுதிகளில் இருந்த பெண்களை நான்கைந்து பேராகச் சேர்த்து, சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் குடிவைத்தார்கள். உதவிக்கு ஆள் உண்டு. அவர்களே சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டாரோடு சண்டையும் போடுகிறார்கள். 2015இல் தொடங்கிய இந்த முயற்சியை உலக சுகாதார அமைப்பு 2021இல் மற்ற நாடுகளுக்கும் முன்மாதிரியாக எடுத்துக்காட்டியது. எழுபது வயதுத் தாயின் ஜெபத்துக்கு இதுதான் பதில் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் இங்கே என் பாவத்தை அறிக்கையிட வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில் இருந்தேன். பெற்றோரை இழந்த, மனவளர்ச்சி குன்றிய சில பெண்களுக்காக ஒரு வீட்டை வாடகைக்குக் கேட்டு அருள்சகோதரிகள் வந்தார்கள். தெருவில் எதிர்ப்பு. “கத்துவாங்க, பிள்ளைங்க பயப்படும், வீட்டு மதிப்பு போயிரும்” என்றார்கள். எதிர்த்தவர்களில் நம் ஞாயிறு திருப்பலிக்கு வருகிறவர்களும் உண்டு. நான் போய் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நடந்திருக்கும். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது, பங்கில் பிரச்சினை வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். வீடு வேறொருவருக்குப் போயிற்று. சகோதரிகளும் திரும்பிப் போனார்கள். அன்று கப்பர்நாகும் வாசலில் நானும் நின்றேன்.

அரசு எத்தனை கோடி ஒதுக்கினாலும், அந்தத் தெருவில் உள்ளவர்கள் மனம் வைக்காவிட்டால் அந்த வீடு வராது. கட்டியதைப் பேணாவிட்டாலும் பயன் இல்லை. சென்னை மெரினாவில் 2022 நவம்பர் 27இல் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீளத்தில் மரப்பாதை திறந்தார்கள். அருகிலேயே வாழ்ந்தும் கடலில் கால் நனைக்காதவர்கள் அன்று அலையைத் தொட்டார்கள். தினமும் கடலோடு பிழைக்கிற நம் மக்களுக்கு அந்தச் சந்தோஷம் புரியும். இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. மறுபடியும் சரிசெய்தார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். நம் ஊர்களிலோ சாய்தளத்தை உடைக்கப் புயல் வேண்டாம். இருசக்கர வாகனத்தை அதன்மேல் நிறுத்திவிட்டால் போதும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று கட்டிய கழிப்பறையைப் பூட்டி, உள்ளே பழைய நாற்காலிகளை அடுக்கி வைத்தால் போதும்.

சரி, நம் வீட்டுக் காரியத்துக்கு வருகிறேன். நம் கோயிலுக்கு ஐந்து படி. அரையடி வீதம் இரண்டரை அடி உயரம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது சாய்தளத்துக்கான கணக்கு. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலிக்காரர் பின்னால் உருண்டுவிடுவார். அப்படியானால் நமக்கு முப்பது அடி நீளமும், நாற்காலி நின்று திரும்ப இடமும் வேண்டும். போன வாரம் நானும் உபதேசியாரும் நாடா பிடித்து அளந்தோம். வடக்கு வாசல் பக்கம் இடம் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக இருந்திருக்கிறது.

இந்தத் திருவருகைக் காலத்தில் ஆண்டவருக்கு வழியைச் செம்மையாக்குங்கள் என்று திருமுழுக்கு யோவானின் குரலைக் கேட்கிறோம். மேடு தாழ வேண்டும், கரடுமுரடு சமமாக வேண்டும் என்று எசாயா சொன்னதைக் கேட்கிறோம். இதை உள்ளத்துக்கு மட்டும் சொன்னதாக வைத்துக்கொள்ள வேண்டாம். மூன்று காரியங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில் திருப்பலிக்கு வருவதை நிறுத்திவிட்டவர்கள் யார், ஏன் நிறுத்தினார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வாருங்கள். “அவுங்க வர்றதில்ல சாமி” என்று நாமே முடிவு செய்ய வேண்டாம். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது, பங்குப்பேரவை புதிய அலங்கார வளைவுக்காகச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தைப் பற்றியது. வளைவு காத்திருக்கலாம். சாய்தளமும், கைப்பிடி வைத்த ஒரு கழிப்பறையும் முதலில் வரட்டும். இதை நான் உத்தரவாகச் சொல்லவில்லை. பேரவையில் பேசி முடிவெடுப்போம். ஆனால் என் வாக்கு எந்தப் பக்கம் என்று இன்றே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது, குடிமக்களாக நம் கடமை. அரசின் வீட்டுத் திட்டங்களில் ஐந்து சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமையோடு, ஒதுக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுச் சட்டம். வரும் ஜனவரி 26இல் கிராம சபை கூடும். சுற்றுக் கிராமத்தில் உள்ளவர்கள் எழுந்து நின்று கேளுங்கள்: நம் ஊரில் யாருக்குக் கிடைத்தது? எட்டயபுரத்தில் உள்ளவர்கள் பேரூராட்சி உறுப்பினரிடம் கேளுங்கள். மரியாதையோடு கேளுங்கள், பதில் வரும்வரை கேளுங்கள். நாளை உங்கள் தெருவில் ஒரு வீட்டை வாடகைக்குக் கேட்டு நான்கு பேர் வந்தால், “வாங்க” என்று சொல்லுங்கள். நான் சொல்லத் தவறிய வார்த்தை அது.

கூரையைப் பிரித்த நால்வரை ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் கூரையைப் பிரித்துத்தான் ஒருவர் ஆண்டவரிடம் வர வேண்டும் என்பது அவருடைய விருப்பமாக இருக்க முடியாது. வாசல் வழியே, எல்லோரையும் போல, அவர்கள் வரட்டும்.

மன்றாடுவோமாக. தலைசாய்க்க இடமின்றி எங்களுக்காக அலைந்த ஆண்டவரே, நடக்க முடியாதவர்களையும் பார்க்க முடியாதவர்களையும் மனம் கலங்கியவர்களையும், அவர்களைச் சுமக்கும் தாய்மாரையும் உம்மிடம் ஒப்படைக்கிறோம். பிள்ளையின் சாவுக்காக ஜெபிக்கும் நிலைக்கு இனி எந்தத் தாயும் வராதபடி எங்கள் கைகளைப் பயன்படுத்தும். வாசலில் நிற்கும் எங்களை விலகி வழிவிடச் செய்யும். புனித சவேரியாரே, எங்கள் கடற்கரைக்காகவும் எங்கள் கரிசல் காட்டு ஊர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.